தரவையில் லைக்கன் பார்ப்பது

(டென்மார்க், ஹேர்னிங் நகரில் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய நவம்பர் மாலை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசையில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன். உள்ளே வரும்போது சிலர் எட்டிப் பார்த்தீர்கள். ஓர் அக்கா, "தம்பி, இது காய்ந்த பூக்கோவாவா?" என்று கேட்டார். நேற்று ஹாரில்ட் தரவையில் எடுத்த ஒரு பிடி இது. பிராண்டே அபிராமி அம்மன் கோயிலுக்கு நாம் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறோம். அந்த ஊரிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் ஹாரில்ட் ஹேடெ வந்துவிடும். "ஹேடெ" என்ற டேனிஷ் சொல்லுக்கு நான் "தரவை" என்றே சொல்லப்போகிறேன். ஊரில் மாடு மேய விட்ட அந்த வெட்டைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலை மட்டும் எடுத்துவிடுங்கள்.

1980களில் நாம் இந்த நாட்டுக்கு வந்தபோது நம்மில் பலரை யூலாந்தின் சிறு நகரங்களில் குடியமர்த்தினார்கள். ஹேர்னிங், ஹொல்ஸ்டெப்ரோ, கிரின்ட்ஸ்டெட், பிராண்டே. எல்லாமே பழைய தரவை மண். முதல் குளிர்காலத்தில் பஸ் யன்னலால் பார்த்தபோது கறுத்த பற்றைகளுக்கு இடையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. உறைபனி என்று நினைத்தேன். வெயில் ஏறியும் அது கரையவில்லை. அது உயிருள்ள ஒன்று என்று அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதம் உங்கள் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இன்று பேச வந்தேன்.

முதலில் சொல். நாம் பள்ளியில் உயிரியல் படித்தபோது இதை "இலைக்கன்" என்று படித்தோம். இன்று பரவலாக லைக்கன் என்கிறார்கள். தமிழ்நாட்டில், செட்டிநாட்டுச் சமையலில், கல்பாசி என்று ஒரு கருஞ்சாம்பல் சருகைத் தாளிப்பில் போடுவார்கள். அதுவும் லைக்கன்தான். பார்மோட்ரேமா என்ற பேரினம். பாசி என்று பெயர் இருந்தாலும் அது பாசி இல்லை. லைக்கன் என்பது ஒரு பூஞ்சணம். அது தன் உடம்புக்குள் பச்சை அல்காவையோ நீலப்பச்சை பக்டீரியாவையோ குடிவைத்திருக்கிறது. பூஞ்சணம் வீடு கட்டித் தருகிறது, உள்ளே இருப்பது வெயிலில் உணவு ஆக்குகிறது. 1867இல் சைமன் சுவெண்டெனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் இதைச் சொன்னபோது, அன்றைய லைக்கன் அறிஞர் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். தாங்கள் காலமெல்லாம் படித்த ஓர் உயிர், ஒன்று அல்ல, இரண்டு என்று கேட்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

டேனிஷில் லைக்கனுக்கு "லவ்" என்று பெயர். அதே எழுத்துகளில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்றுக்குத் "தாழ்ந்தது" என்று பொருள். மற்றது, பழைய நகரங்களில் தச்சரும் கொல்லரும் தொழிலால் சேர்ந்து வைத்திருந்த சங்கத்தைக் குறிக்கும். மூன்று சொல்லும் வேறு வேறுதான். ஆனாலும் தரையோடு தாழ்ந்து கிடக்கும், இரண்டு உயிர் கூடிச் சங்கம் வைத்த இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இனி மண்ணுக்கு வருவோம். மண்ணை விட்டுவிட்டு லைக்கன் பெயர் சொல்ல முடியாது. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறை யூலாந்தின் நடுவோடு வந்து நின்றது. மேற்குப் பக்கம் பனி மூடவில்லை. உருகிய நீர் மணலை வாரிக் கொண்டுபோய் அங்கே பரப்பியது. ஹேர்னிங் வட்டாரத்துச் சமவெளிகள் அந்த மணல்தான். அதன்மேல் காடு வளர்ந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள், ஆடுமாடு மேய்த்தார்கள், மேல்தரையை வெட்டி எடுத்து எரிபொருளாகவும் எருவாகவும் பயன்படுத்தினார்கள். மழை மண்ணின் சத்தைக் கீழே கழுவிக் கொண்டுபோனது. இன்று ஒரு முழம் தோண்டினால் மேலே கறுப்பு, அடுத்துச் சாம்பல் நிற மணல், அதற்கும் கீழே துருநிறத்தில் கல்போல் இறுகிய ஒரு தட்டு. அந்தத் தட்டுக்கு டேனிஷில் "ஆல்" என்று பெயர். மேல்மண் முழுவதும் புளித்த மண், அமில மண்.

நம் முன்னோர் நிலத்தைப் பிரித்தபோது பாலைக்கென்று தனி நிலம் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்றார்கள். டென்மார்க்கின் தரவையும் அப்படித்தான். பெரும்பகுதி, காடு இயல்பு திரிந்து உண்டானது. இதைக் கவனித்துப் பார்த்த எவருக்கும் அந்தப் பழைய பிரிப்பின் கூர்மை விளங்கும்.

தரவையை வயலாக்க அரசர்களும் முயன்றார்கள். 1759 தொடக்கம் ஜெர்மன் நாட்டிலிருந்து குடியானவர்களைக் கொண்டுவந்து வீபோருக்குத் தெற்கே ஆல்ஹேடென் என்ற தரவையில் குடியேற்றினார்கள். அவர்கள் உருளைக்கிழங்கு பயிரிட்டதால் "உருளைக்கிழங்கு ஜெர்மானியர்" என்றே பெயர் வந்தது. வெளியிலிருந்து வந்து இந்தப் புளித்த மண்ணில் குடியிருந்தவர்களில் நாம் முதலாவது ஆட்கள் இல்லை. 1864இல் டென்மார்க் போரில் தோற்றுத் தெற்கே பெருநிலம் இழந்தது. இரண்டு ஆண்டுகளில், 1866இல், என்ரிக்கோ டால்காஸ் என்ற பொறியியல் அதிகாரியும் வேறு சிலரும் சேர்ந்து டேனிஷ் தரவைக் கழகத்தை நிறுவினார்கள். இழந்ததை உள்ளே தேடுவோம் என்பது அன்றைய மனநிலை. உழுதார்கள், சுண்ணச்சேறு போட்டார்கள், ஊசியிலை மரம் நட்டார்கள். 1800 வாக்கில் யூலாந்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தரவையாக இருந்தது. இன்று முழு நாட்டிலும் ஏறத்தாழ 2 சதவீதமே மிச்சம். டால்காஸைக் குறை சொல்ல நான் வரவில்லை. பசித்தவர்களுக்கு அவர் வயல் கொடுத்தார். ஆனால் எஞ்சிய 2 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய கடமை, அந்த வயலின் விளைச்சலை உண்ணும் நமக்கும் உண்டு.

இங்கே நான் படித்த முதல் பாடத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது இயற்கை நடையில் சேர்ந்துகொண்டேன். வழிகாட்டியது ஓய்வுபெற்ற ஒரு டேனிஷ் அம்மா. நான் பெருமையாகத் தரையைக் காட்டி, "ரென்ஸ்டூர்லவ்" என்றேன். துருவமான் லைக்கன் என்று அர்த்தம். அவர் சிரிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "எந்த ரென்ஸ்டூர்லவ்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ஒரு கிளையை ஒடித்து என் உள்ளங்கையில் வைத்து, லென்ஸைத் தந்து, "கவட்டைப் பார். எத்தனை கிளை பிரிகிறது, எண்ணு" என்றார்.

அந்த எண்ணிக்கையிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. தட்டில் இருப்பதை இப்போது கையில் எடுக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் பாருங்கள். காய்ந்திருந்தால் அப்பளம்போல் நொறுங்கும். அதனால் எடுப்பதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் பஞ்சுபோல் மெதுவாகிவிடும். நிறம் வெளிறிய பச்சைச் சாம்பல். தண்டு உள்ளே குழாய்போல் வெறுமை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பு வழவழப்பாக இல்லை, சிலந்தி வலையை ஒட்டி வைத்ததுபோல் நூல்நூலாக இருக்கிறது. வெளித்தோல் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். கவட்டில் ஒரு சிறு துளை. அந்தத் துளையைச் சுற்றி எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. பெரும்பாலும் மூன்று கிளை. நுனிகள் எல்லாத் திசையிலும் பரந்து நிற்கின்றன. இது கிளடோனியா போர்டென்டோசா. டேனிஷ்காரர் இதைத் தரவைத் துருவமான் லைக்கன் என்கிறார்கள். யூலாந்துத் தரவையில் நீங்கள் காணும் வெள்ளைக் கொத்தில் பெரும்பகுதி இதுதான்.

கவட்டில் பெரும்பாலும் இரண்டாகவே பிரிந்து, தண்டு மெலிந்திருந்தால் அது கிளடோனியா சிலியாட்டாவாக இருக்கலாம். மூன்று நான்காகப் பிரிந்து, நுனிகள் எல்லாம் சீப்பால் ஒரு பக்கம் வாரிவிட்டதுபோல் சாய்ந்திருந்தால் அர்புஸ்குலா பக்கம் யோசிக்க வேண்டும். நுனி அப்படியே சாய்ந்து, ஆனால் மஞ்சள் சாயலே இல்லாமல் அடுப்புச் சாம்பல் நிறமாக இருந்தால் ரங்கிஃபெரினா. வழவழப்பாகத் தோலோடு, மினுங்கி, தடித்து, நுனி முள்போல் இருந்தால் அது இந்தக் கூட்டமே இல்லை, கிளடோனியா அன்சியாலிஸ்.

கண்ணால் தீராததைத் தீர்க்க வேதியியல் வருகிறது. பாரிஸில் வாழ்ந்த பின்லாந்துக்காரர் வில்லியம் நூலாண்டர் 1866இல் லைக்கன்மேல் வேதிப்பொருள் துளி விட்டு நிறமாற்றம் பார்க்கும் முறையை வெளியிட்டார். தரவைக் கழகம் தொடங்கிய அதே ஆண்டு. இன்றும் அதே முறைதான். ஒரு துளி பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் விட்டால் ரங்கிஃபெரினா மஞ்சளாகும், போர்டென்டோசா மாறாது. வீட்டில் உடுப்பு வெளுக்கும் குளோரினும் ஒரு சோதனைத் துளிதான். மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு, அது சிலியாட்டாவைச் சிவப்பாக்கும். ஆனால் அது நஞ்சு, தொட்ட இடமெல்லாம் கறை. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. அதற்குப் பதில் புற ஊதா டோர்ச் ஒன்று வாங்குங்கள். இருட்டில் போர்டென்டோசாமேல் அடித்தால் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். பெர்லட்டோலிக் அமிலத்தின் வேலை அது. சிலியாட்டா ஒளிராது. வெளிச்சத்தை அணைத்துவிட்டு இப்போதே காட்டுகிறேன். பின்வரிசைப் பிள்ளைகள் முன்னுக்கு வாருங்கள்.

பார்த்தீர்களா? சரி.

தரவையில் துருவமான் லைக்கன் மட்டும் இல்லை. அது கடைசியில் வருவது. தரை எரிந்தோ மேல்மண் சீவப்பட்டோ வெறுமையாகும்போது முதலில் வருவன மண்ணோடு ஒட்டிய படைகள். பச்சைச் சாம்பல் மணியாகப் படரும் டிரபெலியோப்சிஸ் கிரானுலோசாவில் ஒரு துளி குளோரின் விட்டால் சிவந்துபோகும். கரும்பழுப்பாக மண்ணோடு மண்ணாய்க் கிடப்பது பிளாசிந்தியெல்லா. அதற்குப் பிறகு கிண்ணங்களும் செந்நுனிகளும். ஈர்க்குக்குச்சி அளவு சாம்பல் தண்டின் தலையில் சிவப்பு மெழுகு வைத்ததுபோல் இருந்தால் இரண்டு பெயர் முன்னே வரும். தண்டு கரணை கரணையாக, செதிலோடு இருந்தால் கிளடோனியா ஃப்ளோர்கியானா. தண்டு மாவு பூசியதுபோல் இருந்து, பொட்டாசியக் கரைசலுக்கு மஞ்சளானால் மாசிலெண்டா. கிண்ண வடிவத்தில் உள்ளே அரிசிமாவுபோல் நொய்ந்த தூள் என்றால் ஃபிம்பிரியாட்டா, உள்ளே செதில்செதிலாக என்றால் பிக்சிடாட்டா. இரண்டுக்கும் இடையில் மணிமணியாக என்றால் குளோரோஃபேயா தொகுதி. இந்தத் தொகுதிக்குள் இருக்கும் இனங்களை ஆய்வுகூடத்தில் அமிலங்களைப் பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. "குளோரோஃபேயா தொகுதி" என்று குறிப்பேட்டில் எழுதி அங்கேயே நிறுத்துவதுதான் நேர்மை. பெயர் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசையால் பொய்ப்பெயர் எழுதிவைத்தால் பின்னால் வருகிறவர் அதை நம்பி ஏமாறுவார்.

தரவையின் கறுத்த பற்றைக்கு டேனிஷில் லுங் என்று பெயர். காய்ந்த லுங் செடியின் சுள்ளி என்று நீங்கள் தாண்டிப் போவதில் சில சுள்ளி இல்லை. பழுப்பாக மினுங்கி, முள்முள்ளாகக் கிளைத்துக் கிடந்தால் குனிந்து எடுங்கள். கிளையில் வெள்ளைப் பள்ளங்கள் தெரிந்தால் அது செட்ராரியா அக்குலியாட்டா. வெறும் மணலும் கறுப்பு மண்ணும் கலந்த இடத்தில் குழந்தையின் பால்பல் முளைத்ததுபோல் வெள்ளைக் குமிழ்கள் கண்டால், முழந்தாளிட்டுப் பாருங்கள், ஆனால் தொடாதீர்கள். அது பிக்னோதீலியா பப்பில்லாரியா. அரியது.

லுங் செடி நூறாண்டு வாழ்வதில்லை. முப்பது நாற்பது ஆண்டில் முதிர்ந்து, நடு விரிந்து, கிளைகள் நாலாபக்கமும் சாய்ந்துவிடும். அந்த நடுவெளியில் வெயில் இறங்கும். துருவமான் லைக்கன் அங்கேதான் கொத்துக் கொத்தாக வளர்கிறது. முதிர்ந்த செடியின் மடியில் என்று சொல்லலாம்.

இனிப் பற்றைக்காட்டுக்கு. மேற்கு யூலாந்தில் "ஏகெகிரட்" என்று குட்டைக் கருவாலிப் பற்றைகள் உண்டு. காற்றாலும் வெட்டாலும் மேய்ச்சலாலும் முறுகி, ஆள் உயரத்தில் நிற்கும் பழைய ஓக் மரங்கள். வீபோர் அருகே ஹால்ட் ஏரிக்கரையில் ஹால்ட் ஏகெ என்ற காடு இருக்கிறது, அங்கே மரங்கள் உயர்ந்து நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிடச் சட்டம் மணல்வெளியில் நிற்கும் பழைய அமில ஓக் காடுகளுக்கு 9190 என்று எண் கொடுத்துக் காக்கச் சொல்கிறது. ஓக், பேர்ச், பைன் மரப்பட்டை எல்லாம் அமிலப் பட்டை. அதனால் இங்கே நிற்கும் லைக்கன்களும் அமிலம் பொறுப்பவை.

பட்டை லைக்கன்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே சாம்பல், கீழே கறுப்பு, மயிர்வேர் எதுவும் இல்லை, இதழ் உள்ளே ஊதியதுபோல் வெறுமை, நுனி உதடுபோல் பிளந்து தூள் சிந்துகிறது என்றால் ஹைப்போஜிம்னியா ஃபிசோடெஸ். இது தரவையில் லுங் செடியின் தண்டிலும் இருக்கும். கீழ்ப்பக்கத்தில் கறுப்பு மயிர்வேர்கள் அடர்ந்திருந்தால் பார்மேலியா. மான்கொம்புபோல் தொங்கி, மேலே பச்சைச் சாம்பலும் கீழே வெள்ளையுமாக மெதுவாக இருந்தால் எவர்னியா புருனாஸ்ட்ரி. வாசனைத் தைலக்காரர்கள் ஓக் பாசி என்று விலைக்கு வாங்கும் பொருள் அதுவே. அதே வடிவம், ஆனால் கீழ்ப்பக்கம் கறுத்துப்போயிருந்தால் சூடெவர்னியா. இரண்டு பக்கமும் ஒரே பச்சை என்றால் ராமலினா. தாடிபோல் தொங்கும் ஒன்றைக் கண்டால் ஒரு நாரை மெல்ல இழுங்கள். வெளித்தோல் விலகி, உள்ளே வெள்ளை ரப்பர் நூல் நீண்டால் அது அஸ்னியா. வேறெந்தத் தாடி லைக்கனிலும் அந்த நூல் இல்லை. மரத்தடியில், வேர்முண்டில், பென்சில் சீவி நட்டதுபோல் பச்சைக் கூர்கள் நின்றால் கிளடோனியா கோனியோக்ரேயா.

பற்றைக்காட்டில் ஆரஞ்சு நிற லைக்கன் ஒன்றைக் கண்டால் நான் மகிழ்வதில்லை. சாந்தோரியா பரியெட்டினா பார்க்க அழகு. சுவரிலும் கூரையிலும் இருக்க வேண்டியது. அமிலப் பட்டை கொண்ட ஓக் கிளையில் அது தழைத்தால் காற்றில் அமோனியா ஏறியிருக்கிறது என்று அர்த்தம். டென்மார்க்கில் மனிதரைவிடப் பன்றிகள் அதிகம். பண்ணைகளின் சாணியிலிருந்தும் எருவிலிருந்தும் எழும் அமோனியா காற்றோடு வந்து தரவையில் இறங்குகிறது. சத்தில்லாத மண்ணில் வாழப் பழகிய உயிர்களுக்குச் சத்தே நஞ்சாகிறது. புல் எழும்பி லைக்கனை மூடுகிறது. தென்கோளத்திலிருந்து வந்த கம்பிலோப்பஸ் இன்ட்ரோஃப்ளெக்சஸ் என்ற பாசி, 1941இல் பிரித்தானியாவில் முதன்முதல் காணப்பட்டு, இன்று டேனிஷ் மணலிலும் கரும்பச்சைப் பாயாக விரிந்து கிடக்கிறது. அதன் அடியில் கிண்ணமும் இல்லை, செந்நுனியும் இல்லை.

நூலாண்டர் அதே 1866இல் பாரிஸ் நகரில் லைக்கன்கள் மறைந்துவிட்டதையும், லக்சம்பர்க் பூங்காவில் மட்டும் எஞ்சியிருப்பதையும் எழுதினார். காற்றின் சுத்தத்தை லைக்கன் சொல்லும் என்பதை உலகம் அறிந்தது அப்படித்தான். அவர் காலத்து நஞ்சு நிலக்கரிப் புகை. அந்தக் கந்தகப் புகை ஐரோப்பாவில் குறைந்துவிட்டது. அதில் செழித்த லெக்கனோரா கோனிசியோய்டெஸ் என்ற சாம்பல் படையும் இன்று தேடிப் பார்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. மனிதர் திருந்தினால் காற்றும் திருந்தும் என்பதற்கு அந்தச் சிறு படை சாட்சி. அமோனியாவையும் அப்படிக் குறைக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு முன் எது எங்கே இருந்தது என்ற கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கை எழுதியவர்கள் பெரும்பாலும் பொறுமைசாலிகள். டைக்மன் பிராண்த் என்ற பாதிரியார் எமில் ரோஸ்ட்ரூப்புடன் சேர்ந்து டென்மார்க்கின் லைக்கன்களை முதன்முறையாகத் தொகுத்து 1869இல் வெளியிட்டார். ஓலாஃப் கால்லோ 1927 தொடக்கம் டேனிஷ் லைக்கன்களின் இயற்கை வரலாற்றைத் தொகுதி தொகுதியாக வரைந்து எழுதினார். பத்துத் தொகுதி வந்தது. ஒவ்வோர் இனத்தையும் குறுக்கே வெட்டி, வர்ணத்தில் வரைந்து வைத்தார். ஒரு நாடு தன் காலடியில் கிடக்கும் தாழ்ந்த உயிருக்கு இப்படி மரியாதை செய்ததைப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது. நம் யாழ்ப்பாணத்துப் பனைமரப் பட்டைக்கும் வன்னிக் காட்டு மரங்களுக்கும் அப்படி ஒரு தொகுதி வரைய, இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவராவது போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறேன். துருவமான் லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர்தான் வளரும். உள்ளங்கை உயரக் கொத்து ஒன்று, இந்த மண்டபத்தில் இருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் வயதை ஒத்தது. காய்ந்த நாளில் ஒரு சப்பாத்து மிதித்தால் தூளாகிவிடும். 2,500 சதுர மீற்றருக்கு மேற்பட்ட எந்தத் தரவையும் 1992ஆம் ஆண்டின் இயற்கைக் காப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. சட்டம் உழவைத் தடுக்கும், சப்பாத்தைத் தடுக்காது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ஹாரில்ட் தரவையின் வாகனத் தரிப்பிடத்தில் நிற்பேன். ஈரமான நாளாக இருந்தால் நல்லது, லைக்கன் விரிந்து நிறம் தெளிந்திருக்கும். பூட்ஸ் போட்டு வாருங்கள், ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு வாருங்கள். லென்ஸ் பத்து வைத்திருக்கிறேன். கத்தி வேண்டாம்.